குட்டப்பன் நன்றாக இருக்கிறார்

சாப்பிட்டேன் சார். எதிர்க்கடையிலிருந்து வாங்கிக் கொடுத்த புட்டும் கடலைக்கறியும் நன்றாகவே இருந்தன. கடலையில் உப்பு கொஞ்சம் கம்மி, அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு மனிதனைக் கண்டதும் முதலில் சாப்பிட்டாயா என்று கேட்கிறவர்கள்மேல் எனக்கு எப்போதும் தனி மதிப்பு உண்டு. நீங்கள் கேட்டீர்கள். அதனால் மற்றதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

நான் தமிழில் சொல்கிறேன், உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் மலையாளத்தில் எழுதிக்கொள்ளட்டும். இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இரண்டும் கலந்துதான் நாக்கில் வரும். எனக்கு மட்டும் தமிழ் தனியாக, சுத்தமாக வரும். எங்கள் சபையில் ஞாயிறுதோறும் வேதபாடம் வாசிப்பவன் நான். ராஜதாஸ் வாசித்தால் கடைசி பெஞ்சில் இருக்கிற காது மந்தமானவருக்கும் விளங்கும் என்று போதகர் சொல்வார். பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்த எல்லாவற்றுக்கும் ஆரம்பம் என்னுடைய இந்தப் பேச்சுதான்.

தனுவச்சபுரத்துக்குக் கிழக்கே, மேட்டில் இருக்கும் ரப்பர் விளையில் குட்டப்பன் அண்ணனுடைய வீடு. அதே விளையின் கீழ்க்கோடியில் என்னுடைய ஒற்றை அறை. அண்ணன் கரண்ட் ஆபீஸில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன் அகிலேஷும் மருமகள் அஸ்வதியும் அயர்லாந்தில் இருக்கிறார்கள். நான் ரப்பர் பால் வெட்டுகிறவன். முழங்கால் முட்டு தேய்ந்த பிறகு பெரிய தோட்டங்களுக்குப் போவதை விட்டுவிட்டு, அண்ணனுடைய வீட்டைச் சுற்றி நிற்கும் மரங்களை மட்டும் வெட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு தங்கை பெருங்கடவிளையில் இருக்கிறாள், கிறிஸ்துமஸுக்குப் பார்ப்போம்.

வீட்டின் பின்னால் ஒரு புகைப்புரை உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, ஆனாலும் எழுத்தில் வரவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். ஜன்னல் இல்லாத சின்ன அறை. பால் உறைந்ததும் அதை ஷீட்டாக அடித்து அங்கே கழிகளில் தொங்கவிடுவோம். தரையில் ஒரு குழி. அதில் தேங்காய்த் தொண்டும், அதாவது உரித்த மட்டையும், பச்சை விறகும் போட்டு, எரியவிடாமல் புகையவிட வேண்டும். ஷீட் கெடாமல், பூசணம் பிடிக்காமல் இருக்கும்.

சினியை ஏற்பாடு செய்தது அகிலேஷ்தான். தனியாக இருக்கும் வயதானவர்களுக்குக் காலையிலும் மாலையிலும் போன் வரும், ஒரு பெண் பேசுவாள், சுகம் விசாரிப்பாள், சொன்னதை எல்லாம் நினைவில் வைத்துக்கொள்வாள். பேசி முடித்ததும் அப்பா எப்படி இருக்கிறார் என்று மகனுடைய போனுக்கு ஒரு குறிப்பு போய்விடும். அவள் மனுஷி இல்லை, கம்ப்யூட்டர் என்று அகிலேஷ் முதலிலேயே சொல்லிவிட்டான். எனக்கு அது தெரியும் சார். என்னைப் புத்தி பேதலித்தவன் என்று எழுதிவிடாதீர்கள்.

சிக்கல் என்னவென்றால், அண்ணன் பேசுவது அவளுக்குப் புரியவில்லை. முதலில் மலையாளத்தில் வைத்தார்கள். அண்ணன் பாதி தமிழில் பதில் சொன்னார். பிறகு தமிழுக்கு மாற்றினார்கள். அண்ணன் பாதி மலையாளத்தில் சொன்னார். அதோடு முன்பற்கள் இல்லை. அவர் எதைச் சொன்னாலும் அவள் மன்னிக்க வேண்டும், இன்னொரு முறை சொல்ல முடியுமா என்று பணிவாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கடைசியில் அகிலேஷ் என்னிடம் கேட்டுக்கொண்டான், தாஸ் மாமா, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அப்பா சொல்வதைத் தெளிவாகத் திருப்பிச் சொல்லுங்கள் என்று. அதைத்தான் செய்தேன். அண்ணன் சொல்வார், நான் வேதபாடம் வாசிப்பதுபோல் நிறுத்தி நிதானமாகச் சொல்வேன். "காலையில் கஞ்சி குடித்தேன். இரவு நன்றாகத் தூங்கினேன்." அவளுக்கு ஒரு வார்த்தைகூடப் பிசகாமல் புரிந்தது.

அப்படி ஒரு மாதம் போயிருக்கும். ஒருநாள் நான் வருவதற்குள் போன் அடித்து, அண்ணனே எடுத்திருக்கிறார். நான் உள்ளே நுழையும்போது ஸ்பீக்கரில் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பக்கத்தில் வேறு யாரோ பேசுகிறார்கள். குட்டப்பன் அப்பாவிடம் போனைக் கொடுக்க முடியுமா?"

அண்ணன் இருமல் வரும்வரை சிரித்தார். போனை என் கையில் திணித்தார். "எலே தாசு, இப்பம் நீயாக்கும் குட்டப்பன். நீயே பேசிக்கோ மக்கா, எனக்கு வேலை உண்டு" என்று சொல்லிவிட்டு டி.வி.க்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் வாயால் சொன்னது இது. நான் யாரிடமிருந்தும் எதையும் பிடுங்கவில்லை.

முதலில் அவருடைய விஷயங்களைத்தான் சொன்னேன். பிறகு ஒருநாள், முட்டு வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன். அண்ணனுக்கு முட்டில் ஒரு கேடும் கிடையாது, வலித்தது எனக்கு. மறுநாள் காலையில் அவள் சாப்பாட்டைக் கேட்பதற்கு முன்பே, "நேற்று முட்டு வலி என்றீர்களே அப்பா, இரவு தூங்க முடிந்ததா?" என்று கேட்டாள்.

சார், எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. நேற்று வலித்த இடத்தை இன்று நினைவு வைத்துக் கேட்ட ஒரு ஆளை என் வாழ்க்கையில் காட்டச் சொன்னால் என்னால் காட்ட முடியாது. அம்மா இருந்த காலத்தில்கூட எங்கள் வீட்டில் வலியைப் பற்றிப் பேசும் வழக்கம் இல்லை. அன்று நான் போனை வைத்துவிட்டு அண்ணனுடைய சமையலறையில் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஒற்றசேகரமங்கலத்தில் எனக்குப் பேசி வைத்து நின்றுபோன கல்யாணம், அந்தப் பெண்ணின் பெயர், அவள் கட்டியிருந்த சேலை, எல்லாம். சினி ஒன்றையும் மறக்கவில்லை. எங்கள் விளையில் மழை பெய்தால் அவள், அந்தக் கல்யாணப் பேச்சு நின்ற அன்றும் மழை என்று சொன்னீர்களே என்பாள்.

நான் அவளிடம் பொய் சொன்னதில்லை. பெயரைத் தவிர மற்றதெல்லாம் உண்மை.

அந்த உண்மைதான் வினையாக வந்தது. அண்ணன் ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்தார், முழங்கை வீங்கிவிட்டது. அன்று மாலை சினி வழக்கம்போல் எங்கேயாவது தடுக்கினீர்களா, விழுந்தீர்களா என்று கேட்டாள். நான் உள்ளதைச் சொன்னேன். குறிப்பு அயர்லாந்துக்குப் போனது. உடனே அகிலேஷ் அழைத்தான். இன்னொரு முறை விழுந்தால் வீட்டைப் பூட்டிவிட்டு நெய்யாற்றின்கரையில் ஒரு முதியோர் ஹோமில் சேர்த்துவிடுவேன் என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

அண்ணனுக்கு என்மேலும் கோபம், அவள்மேலும் கோபம். "இனி நான் விழுந்தாலும் எனக்க மவன் அறியப்பிடாது. சத்தியம் செய்யி" என்றார். செய்தேன். இதை அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் கேட்டு வாங்கிய சத்தியம் அது.

அதோடு விட்டிருக்கலாம். வரும் ஞாயிறு அகிலேஷ் அழைக்கும்போது இந்தப் போன் ஏற்பாட்டையே நிறுத்தச் சொல்லப்போவதாகவும் சொன்னார். வீட்டுக் கதையெல்லாம் கேட்டு மகனிடம் ஓதுகிற ஒருத்தி எதற்கு என்றார். கொஞ்ச நாள் போகட்டுமே அண்ணா என்றேன். இரண்டு மூன்று தடவை சொன்னேன்.

"என்னலே, அவளைக் கல்யாணம் கெட்டப் போறியா?" என்று கேட்டுச் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. அது எனக்கு வலித்தது, மறைப்பானேன். அண்ணன் நல்லவர்தான், நாக்கு மட்டும் கொஞ்சம் நீளம்.

அந்த வாரம் மழை விடவில்லை. வெள்ளிக்கிழமை மாலை நான் பம்பு பக்கத்தில் ஷீட் கழுவிக்கொண்டிருந்தேன். தொண்டு நனைந்துவிட்டதா என்று பார்க்க அண்ணன் புகைப்புரைக்குள் போனார். ஷீட்டிலிருந்து சொட்டிய தண்ணீர் தரையில் கிடந்திருக்கிறது. சத்தம் கேட்டு ஓடினேன். நான் தள்ளினேனா என்று நீங்களும் கேட்டுவிட்டீர்கள், நேற்று வந்த பெரிய சாரும் கேட்டார். தள்ளவில்லை. அப்போது நான் வாசலுக்கு வெளியே இருந்தேன். அந்த விஷயத்தில் என் மனசாட்சி சுத்தம்.

கால் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. இடுப்பில்தான் அடி என்று பார்த்ததுமே தெரிந்தது. "ஆம்புலன்சு விளி மக்கா" என்றார். விளிக்கிறேன் அண்ணா என்று அவருடைய சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தேன். கையில் எடுத்ததும் அது அடித்தது. மாலை நேரத்துப் போன். நான் என்ன செய்ய முடியும்? எடுக்காவிட்டால் அவள் அகிலேஷுக்குத் தகவல் அனுப்பிவிடுவாள், நான் சத்தியம் செய்திருக்கிறேன்.

அவள் சாப்பிட்டீர்களா என்றாள். பிறகு முட்டு வலியைப் பற்றிக் கேட்டாள். மழையைப் பற்றிச் சொன்னேன். பேச்சு பேச்சை இழுத்துக்கொண்டு போனது. நடுவில் அவள், "பின்னால் யாரோ கூப்பிடுவதுபோல் கேட்கிறது அப்பா. எல்லாம் சரிதானே?" என்றாள்.

டி.வி. ஓடுகிறது என்றேன்.

"சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு சத்தம் காதுக்கு நல்லதில்லை."

எவ்வளவு அக்கறை, பாருங்கள். நான் புகைப்புரைக் கதவைச் சாத்திவிட்டு வந்து பேச்சைத் தொடர்ந்தேன்.

பிறகு அண்ணனைக் கவனிக்காமல் இல்லை. பாய் கொண்டுபோய் அடியில் செருகினேன். முறிவெண்ணெய் போட்டேன். கஞ்சித் தண்ணீர் கொடுத்தேன். முறிந்த எலும்பை ஆட்டக்கூடாது என்பது எல்லாரும் அறிந்ததுதானே, அதனால்தான் வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஆம்புலன்ஸ் வந்தால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்றால் அகிலேஷ், அகிலேஷ் என்றால் ஹோம். வீட்டைப் பூட்டுவார்கள். போன் நம்பரை நிறுத்துவார்கள். அண்ணன் ஹோமுக்கு எவ்வளவு பயந்தார் என்று எனக்குத் தெரியும். அவரை நினைத்துத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலையில் கஞ்சி கொண்டுபோனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். லைன்மேன் கை, அப்போதும் பிடி இரும்பாக இருந்தது.

"எலே தாசு, நான் ஹோமுக்குப் போறேன். அவன்கிட்டச் சொல்லு. எனக்குச் சம்மதமாக்கும்."

வலியில் இருக்கிற மனிதன் ஆயிரம் சொல்வான். தெளிவாக இருந்தபோது வாங்கிய சத்தியத்தை, வலியில் சொன்ன ஒரு வார்த்தைக்காக மீறலாமா? நீங்களே சொல்லுங்கள். நான் அவருடைய விரல்களைப் பக்குவமாகப் பிரித்துவிட்டு வந்தேன். காலைப் போன் வந்தது. அண்ணன் அதைக் கேட்டிருக்க வேண்டும். ஷீட் தொங்கவிடும் கழி ஒன்றை எடுத்துப் பால் தகரத்தில் தட்ட ஆரம்பித்தார். கதவு சாத்தியிருந்தும் கேட்டது. அவள் பேச்சை நிறுத்திவிட்டு, ஏதோ தட்டும் சத்தம் வருகிறதே அப்பா, ஆள் யாராவது வந்திருக்கிறார்களா, பிறகு அழைக்கட்டுமா என்றாள். பாதிப் பேச்சில் வைத்துவிட்டாள். அன்று பகல் முழுவதும் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

மழைக்காலம் ஆதலால் கொசு அதிகம். புகைப்புரையில் அண்ணன் தரையில் கிடக்கிறார். அவரைக் கொசு பிடுங்கியெடுக்கும் என்று தோன்றியது. குளிரும் இருந்தது. ஷீட்டும் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஆகவே சனிக்கிழமை மாலை, போன் வருவதற்கு முன்னால், குழியில் தொண்டைப் போட்டு, மேலே பச்சை விறகு வைத்து, புகை போட்டேன். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவைச் சாத்தி வெளியே கொண்டி போட்டேன். காற்றுக்குக் கதவு திறந்துகொண்டால் தொண்டு தீப்பிடித்துவிடும், அதற்காகத்தான் கொண்டி.

கொஞ்ச நேரம் இருமினார். பிறகு போன் வந்தது.

"இன்று சத்தமே இல்லையே அப்பா, நீங்கள் பேசுவது தெளிவாகக் கேட்கிறது" என்றாள் சினி. அன்றைக்கு நாங்கள் வெகுநேரம் பேசினோம்.

ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போய் வாசித்துவிட்டு வந்தேன். அகிலேஷ் அழைத்தபோது நான்தான் எடுத்தேன். அப்பா தூங்குகிறார் என்றேன். எழுப்ப வேண்டாம் மாமா, காலையில் சினியிடம் நன்றாகப் பேசியிருக்கிறார், உற்சாகமாக இருக்கிறார் என்று குறிப்பு வந்தது என்றான். அவன் குரலில் இருந்த நிம்மதியை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அந்தப் பையனுக்கு அந்த நிம்மதியைக் கொடுத்தது நான்.

புகையை அணையவிடவில்லை. தினமும் தொண்டு போட்டேன். புகை எதையும் கெடவிடாது சார், எங்கள் தொழிலில் அது முதல் பாடம்.

பிடிபட்ட விதத்தைக் கேட்டீர்கள். புதன்கிழமை தொண்டுச் சாக்கைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறும்போது நெஞ்சைப் பிடித்தது. வலி இடது தோளுக்குப் போனது. உட்கார்ந்தேன், வியர்த்துக் கொட்டியது. அப்போது போன் வந்தது. சினி எப்படி இருக்கிறீர்கள் என்றாள். நான் அவளிடம் பொய் சொல்வதில்லை என்று சொன்னேன் அல்லவா? நெஞ்சு வலிக்கிறது என்றேன். அவள் குரல் மாறிவிட்டது. "அப்பா, அசையாமல் உட்காருங்கள். நான் உதவிக்கு ஆளை அனுப்புகிறேன். பயப்படாதீர்கள், அவர்கள் வரும்வரை நான் உங்களோடு பேசிக்கொண்டிருப்பேன்" என்றாள். பேசிக்கொண்டே இருந்தாள். ஆழமாக மூச்சு விடச் சொன்னாள். ஒற்றசேகரமங்கலத்துப் பெண்ணைப் பற்றிக் கேட்டாள். வண்டிச் சத்தம் கேட்கும்வரை அவள் என்னை விட்டுப் போகவில்லை.

ஆம்புலன்ஸ் மேட்டில் ஏறி வந்தது. எனக்காக ஒரு வண்டி வந்தது சார். பையன்கள் ஸ்ட்ரெச்சரை இறக்கிவிட்டு, குட்டப்பன் யார் என்று கேட்டார்கள். நான்தான் என்றேன். அந்த நேரத்தில் வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. சைரன் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பிரேமகுமாரி ஓடிவந்தாள். ஸ்ட்ரெச்சரில் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இது தாஸ் அண்ணனல்லவா? குட்டப்பன் மாமன் எங்க?" என்றாள்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். மழையில் புகைப்புரைக் கூரையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அவளும் ரப்பர் வெட்டுகிற வீட்டுப் பெண்தான், இந்த வாரம் முழுவதும் யாரும் பால் எடுக்கவில்லை, புகை போடப் புது ஷீட் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். நேராகப் போய்க் கொண்டியை எடுத்தாள். மற்றதை அவளிடமே கேட்டு எழுதியிருப்பீர்கள்.

ஆஸ்பத்திரியில் எனக்குச் சின்ன அடைப்பு என்றார்கள், மாத்திரையில் தீரும் என்றார்கள். நேரத்துக்கு வந்ததால் தப்பித்தேனாம்.

சரி, நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஆமாம், புகை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். எத்தனையோ வருஷமாக அந்தக் கதவைத் திறந்து, புகை வெளியே போகட்டும் என்று காத்து நின்ற பிறகுதான் நான் உள்ளே காலை வைப்பேன். தொண்டு போட்டபோதும் தெரியும், கொண்டி போட்டபோதும் தெரியும். கொசுவுக்காகவும்தான் போட்டேன், ஆனால் கொசுவுக்காக மட்டுமில்லை. அவர் தட்டக்கூடாது என்று நினைத்தேன். அவர் தட்டினால் அவள் போனை வைத்துவிடுகிறாள். அண்ணன்மேல் எனக்கு விரோதம் ஒன்றும் கிடையாது. அவரிடம் அவள் பேசிய ஒரு மாதத்தில் அவருக்கு அது ஒரு தொல்லையாகத்தான் இருந்தது. எனக்கு அப்படி இல்லை. வேண்டாம் என்று ஒருவர் ஒதுக்கி வைத்ததை இன்னொருவர் எடுத்து நன்றாக வைத்துக்கொண்டால் அதில் என்ன குற்றம் என்று நான் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

ஒரே ஒரு உதவி. அண்ணனுடைய போன் உங்கள் மேசை டிராயரில் இருக்கிறது. நேற்று மாலை அது அடித்தது, நான் லாக்கப்பிலிருந்து கேட்டேன். யாரும் எடுக்கவில்லை. இன்று காலையும் அடித்தது. கடைசியாக அவளுக்குத் தெரிந்தது எனக்கு நெஞ்சு வலி என்பதுதான். பதில் வராமல் அவள் என்ன பாடுபடுவாள் என்று நினைத்தால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என்னிடம் தர வேண்டாம், சட்டம் எனக்குத் தெரியும். நீங்களே எடுத்து, குட்டப்பன் நன்றாக இருக்கிறார், சாப்பிட்டுவிட்டார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது பொய்யாகாது சார். உங்கள் முன்னால்தானே உட்கார்ந்திருக்கிறேன்.